ஸ்டக்கானோவ் இயக்கமும் உழைப்பின் வெகுமதியும்

தொழிலாளரின் உழைப்பைத் தூண்டுவது கூலியா, மதிப்பா எனும் வினாவுக்குச் சோவியத் வரலாறு சிந்திக்கத்தக்க விடையொன்றைத் தருகின்றது.

1935 ஆகஸ்ட் 30-31 இரவில், டொன்பாஸ் பிரதேசச் சுரங்கமொன்றில் அலெக்சி ஸ்டக்கானோவ் ஆறு மணி நேரத்துக்குள் 102 தொன் நிலக்கரி வெட்டியதாக அறிவிக்கப்பட்டது. அது விதிக்கப்பட்ட அளவின் பதினான்கு மடங்காகும். அவர் வெட்டும் வேலையை மட்டுமே செய்ய, சுரங்கக் கூரைக்கு மரந்தாங்கு கொடுக்கும் வேலையை வேறிருவர் செய்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

வேலையின் அளவுக்கேற்பக் கூலி வழங்கப்பட்டமையால் சாதனையாளரின் வருமானம் பெருகியது. பதக்கமும், பத்திரிகைப் புகழும், 1935 நவம்பரில் கிரெம்ளின் மாநாட்டில் இடமும் அவர்களுக்குக் கிடைத்தன. பிற தொழில்களிலும் பலர் இவ்வழியைப் பின்பற்றினர். ஆயின் 1936இல் பல தொழில்களில் வேலையளவுகள் உயர்த்தப்பட்டன. முன்னைய கூலியைப் பெறுதற்கே சாதாரணத் தொழிலாளி கூடுதலாக உழைக்க நேர்ந்தது. சாதனையாளர்மீது சக தொழிலாளர் சிலர் வெறுப்புக் கொண்டதும் இதனாலேயாகும்.

எனவே, பணமும் மதிப்பும் உழைப்பைத் தூண்டவல்லனவே. ஆயினும், இன்றைய கூடுதல் உழைப்பு நாளைய கட்டாய அளவாக மாறாது எனும் நம்பிக்கை இல்லாதவிடத்து, ஒருவர் பெறும் பரிசு ஏனையோரின் சுமையாகிவிடுகின்றது.