இரண்டு முறை கூவிய முட்டைக்காரன்

சரித்திரப் புத்தகங்களில் யுத்தமும் பட்டாபிஷேகமும் வருகிற பக்கங்களை நான் வேகமாகத் தள்ளிவிடுவது வழக்கம். தெருவில் கூவி விற்றவர்கள் யாராவது தென்படுகிறார்களா என்றுதான் தேடுவேன். அப்படித் தேடியபோது அகப்பட்டவன் இந்த ஜப்பானிய முட்டைக்காரன்.

கிதகவா மொரிசதா என்பவர் 1837-ஆம் ஆண்டில் தொடங்கிப் பல வருஷங்கள் எழுதிச் சேர்த்த குறிப்புகளில் இவன் வருகிறான். எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோதான்) அவித்த கோழி முட்டை விற்கிறவன் 'தமாகோ, தமாகோ' என்று இரண்டே தரம் கூவுவானாம். ஒரு தரத்தோடு நிறுத்துவதில்லை. மூன்றாவது தரம் கூவுவதுமில்லை. இதைக் காதில் வாங்கி மெனக்கெட்டு எழுதியும் வைத்த மனிதரை எங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள எனக்குத் தடையில்லை.

முட்டையின் விலை சுமார் 20 மோன். 16 மோன் கொடுத்தால் ஒரு கிண்ணம் சூடான சோபா கிடைத்த காலம் அது. சேமியா போன்ற அந்தப் பண்டத்தைத் தின்றால் கூலிக்காரனுக்குப் பசி அடங்கும். ஓர் ஒற்றை முட்டைக்கு அதைவிட நாலு காசு அதிகம் என்றால் அதை யார் வாங்கித் தின்றிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

முட்டை இத்தனை அபூர்வமாகப் போனதற்கு வேர் வெகு பழையது. கி.பி. 675-இல் தென்மு சக்கரவர்த்தி ஓர் ஆணை பிறப்பித்தார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் மாமிசத்தை நாலாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரையில் உண்ணக் கூடாது. அதில் முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆணை செய்யாத வேலையைக் கதை செய்தது. ஒன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பௌத்தத் துறவி ஒருவர் தொகுத்த 'நிஹோன் ர்யோய்கி' என்ற நூலில், இஸுமி நாட்டு வாலிபன் ஒருவன் வருகிறான். பறவை முட்டைகளை அவித்துத் தின்பதே அவன் வழக்கம். 754-ஆம் ஆண்டில் ஒரு நாள் முன்பின் அறியாத சிப்பாய் ஒருவன் வந்து அவனை அழைத்துப் போய், கோதுமை வயல் ஒன்றில் தள்ளுகிறான். பார்ப்பவர் கண்ணுக்கு அது பச்சை வயல். இவன் காலுக்கோ தணல். 'சுடுகிறதே, சுடுகிறதே' என்று வயலையே சுற்றிச் சுற்றி ஓடுகிறான். விறகு பொறுக்க வந்தவன் இழுத்துக் கரையேற்றும்போது கால்களில் சதை இல்லை, எலும்புதான் மிச்சம். மறுநாள் செத்துப் போகிறான். இந்தக் கதையைக் கேட்ட குழந்தை அப்புறம் முட்டையைக் கையால் தொடுமா? எழுதியவர் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பயத்தைத் தெளிவித்ததில் அந்நியர்களுக்கும் பங்குண்டு. 1543-இல் வந்திறங்கிய போர்த்துகீசியரும் பின்னால் வந்தவர்களும் முட்டையும் சர்க்கரையும் கலந்த பலகாரங்களைக் காட்டிக் கொடுத்தார்கள். நாகசாகியின் 'கஸுதேரா' கேக் அந்த வழியில் வந்ததுதான். 1643-இல் வெளிவந்த 'ர்யோரி மோனோகதாரி' என்ற சமையல் நூலில் முட்டைக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. 1785-இல் இன்னொரு புத்தகம் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைப் பதார்த்தங்களை அடுக்கிவிட்டது! அவற்றில் ஒன்று, மஞ்சள் கரு வெளியிலும் வெள்ளைக் கரு உள்ளேயுமாகத் தலைகீழாக அவிந்த முட்டை. புது முட்டையின் தலைப்பக்கம் ஊசியால் துளையிட்டு, காய்கறி ஊறப்போடும் தவிட்டுக் கலவையில் மூன்று நாள் வைத்து, கழுவி, அவிக்க வேண்டுமாம். சுத்தப் புளுகு என்றே வெகு காலம் நினைத்திருந்தார்கள். பிறகு கியோட்டோவில் ஓர் ஆராய்ச்சியாளர், கரு தரித்த முட்டையை எடுத்துக்கொண்டால் இது நடக்கும் என்று செய்தே காட்டினார்.

நடக்கட்டும், ஆனால் 20 மோன் முட்டையைத் தவிட்டில் புதைத்து மூன்று நாள் விளையாட எந்த ஏழை வீட்டில் முடியும்? அவர்கள் வீட்டு முட்டையைப் பார்க்க வேண்டுமானால் சமையல் புத்தகத்தை மூடிவிட்டு 'ரகுகோ' கேட்க வேண்டும். மெத்தையில் உட்கார்ந்தபடி ஒரே ஆள் எல்லாப் பாத்திரங்களையும் பேசிக் காட்டும் ஹாஸ்யக் கதை அது. 'நாகயா நோ ஹனாமி' என்ற கதையில், வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒண்டுக் குடித்தனக்காரர்களை வீட்டுக்காரர் செர்ரிப் பூப் பார்க்க அழைத்துப் போகிறார். சாராயமும் முட்டை அடையும் உண்டு என்று ஆசை காட்டுகிறார். சாராயம் என்பது நீர்த்த தேயிலைத் தண்ணீர். முட்டை அடை என்பது மஞ்சளாக ஊறின முள்ளங்கி. அக்கம்பக்கத்துக் கூட்டத்துக்கு முன்னால் மானம் போகக் கூடாதே! முள்ளங்கியைக் 'கறுக் மொறுக்' என்று சத்தம் வராமல் மென்று, முட்டை தின்பதாகப் பாவனை செய்ய வேண்டும் அந்த ஜனங்கள்.

இத்தனை ஏக்கத்துக்கு ஆளான முட்டை அடை, செய்கைக்கு எளியதுதான். மூன்று முட்டையை நுரை எழும்பாமல் கலக்கி, கடற்பாசியும் மாசிக் கருவாட்டுச் சீவலும் ஊறிய சாறு கொஞ்சம், சோயா ரசம், சர்க்கரை சேர்க்கிறார்கள். சதுர வாணலியில் எண்ணெய் தடவி, மெல்லிசாக ஊற்றி, பாதி வெந்ததும் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி ஓரத்தில் ஒதுக்குவார்கள். மறுபடி எண்ணெய், மறுபடி ஊற்றல். சுருளைச் சற்றே தூக்கி அடியிலும் ஓடவிட்டுத் திரும்பச் சுருட்டுவார்கள். டோக்கியோப் பக்கம் தித்திப்பு தூக்கல். ஒசாகா, கியோட்டோக்காரர்களுக்குச் சாறு தூக்கல். என் ஓட்டு ஒசாகாவுக்கே.

மெய்ஜி காலத்தில் மாமிசத் தடை தளர்ந்தது. கிஷிதா கிங்கோ என்ற பத்திரிகைக்காரர் 1870-களில் பச்சை முட்டையைச் சுடுசோற்றில் உடைத்துவிட்டுச் சாப்பிடும்படி எல்லாரையும் தூண்டினார் என்பார்கள். சோற்றின் மேல் கோழியும் முட்டையும் சேர்ந்து வரும் பதார்த்தத்துக்குத் 'தாயும் பிள்ளையும்' என்று பெயர் வைத்தார்கள். இந்தக் குரூரமான வேடிக்கையை என்னால் ரசிக்க முடியவில்லை.

யுத்தத்துக்குப் பிறகு பண்ணைகள் பெருகி முட்டை மலிந்தது. 1960-களில் குழந்தைகளுக்குப் பிடித்தவை எவை என்றால் 'ஜயண்ட்ஸ் பேஸ்பால் கோஷ்டி, மல்லர் தாய்ஹோ, முட்டை அடை' என்று வசனமே பிறந்துவிட்டது. பல பத்து வருஷங்கள் விலை ஏறாமல் இருந்ததால் 'விலைவாசி வகுப்பின் நல்ல மாணவன்' என்றும் முட்டைக்குப் பட்டம் கொடுத்திருந்தார்கள். அந்த மாணவனும் 2023-இல் தடுமாறினான். பறவைக் காய்ச்சலால் ஒரு கோடியே எழுபது லட்சம் பறவைகளுக்கு மேல் அழிக்க நேர்ந்தது. விலை ஏறிற்று, உணவு விடுதிகளில் முட்டைப் பதார்த்தங்கள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன.

அந்தச் செய்தியைப் படித்த இரவு, மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய ஹாஸ்யக் கதையின் ஒலிப்பதிவை மறுபடியும் போட்டுக் கேட்டேன். முள்ளங்கியைக் கடிக்கும் இடம் வந்ததும் கதை சொல்பவர் பேச்சை நிறுத்தி, வாயாலேயே அந்தச் சத்தத்தை எழுப்புகிறார். சபை முழுவதும் சிரிக்கிறது.