பட்டாவில் ஏறிய பெயர்

எங்கள் ஊர் ராசிபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. பெரியப்பா காலமான பதினாறாம் நாள், பந்தல் பிரிக்கும் முன்பே அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பட்டா. மூன்று ஏக்கர் சொச்சம் காடு. பெயர் அவருடையது மட்டும். அந்தக் காட்டை அவரும் என் தகப்பனாரும் சேர்ந்தே உழுதார்கள், சேர்ந்தே கடலைக்காய் பிடுங்கினார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தது காகிதத்துக்குத் தெரியவில்லை. பெரியப்பா மகன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று முதல் அண்ணன் எங்களோடு பேசுவதில்லை.

ஒரு காகிதத்துக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது என்று பழைய புத்தகங்களைப் புரட்டினேன். அவை என்னைத் திப்பு சுல்தான் காலத்துக்கு இழுத்துப் போயின.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு விட்டுக்கொடுத்த சீமைகளில் பாராமகாலும் சேலமும் அடக்கம். காரன்வாலிஸ் பிரபு இங்கே வரி தண்ட அனுப்பியது பட்டாளத்து ஆட்களை. சிவில் துரைமார்களுக்கு ஊர்ப் பாஷை தெரியாது என்பதுதான் காரணம்! காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் தலைவர். உதவிக்குத் தாமஸ் மன்றோ, கிரஹாம், மக்லியாட். எங்கள் தென்பகுதி மக்லியாட் வசம் இருந்தது.

கர்ணத்தின் கணக்கை அப்படியே நம்ப அவர்களுக்கு மனமில்லை. வயல் வயலாக அளந்தார்கள். சில வருஷங்கள் பிடித்தது. பரப்பு எவ்வளவு, மண் என்ன, தீர்வை என்ன, கட்டுகிறவன் யார் என்று எல்லாம் எழுத்தில் ஏறின. வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் கேட்டது கட்டுகிறவன் யார் என்று. கும்பினிக்கு வேண்டியது பணம்தானே? வீட்டில் நாலு அண்ணன் தம்பி இருந்தாலும் தண்டல்காரனுக்கு மூத்தவன் பெயர் ஒன்று போதுமானதாக இருந்திருக்கும். இது என் ஊகம்; ஆனால் கதை எழுதுகிறவனுக்கு இவ்வளவு ஊகிக்க உரிமை உண்டு.

ரயத்துவாரி பிறந்த இந்த மண்ணிலேயே, சில வருஷங்களுக்குள் நிலத்தை மிட்டா மிட்டாவாக ஏலம் போட்டார்கள். கிஸ்தி கட்ட முடியாமல் பல மிட்டாதாரர்கள் நொடித்தார்கள். 1820-ல் மன்றோ சென்னைக் கவர்னராகி ரயத்துவாரியை நிலைநாட்டினார். எஞ்சிய மிட்டாக்களை 1948-ஆம் வருஷத்துச் சட்டம் ஒழித்தது. அங்கெல்லாம் மறுபடி அளவை, மறுபடி பட்டா.

எங்கள் குடும்பத்துக்கு வினை வந்தது அதற்கும் பிறகு. 1979 முதல் 1987 வரை சர்க்கார் தமிழ்நாடு முழுவதும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தது. நடுவே, 1980-ல், கர்ணம், மணியக்காரர் பதவிகள் போய்விட்டன. கர்ணங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களுடைய பேனா முனையில் அழிந்த குடும்பங்கள் உண்டு. ஆனாலும் எந்தக் காடு யார் யாருக்குப் பொது என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா பெயர் தனியாகப் பதிவேறிற்று.

வக்கீல் எனக்குத் தைரியம் சொன்னார். ரெவின்யூ பதிவு உரிமையை உண்டாக்கவும் செய்யாது, அழிக்கவும் செய்யாது என்று சுப்ரீம் கோர்ட் 1996-லேயே சொல்லியிருக்கிறதாம். சரி, வழக்கு முடிகிறவரை பயிர்க் கடனுக்குப் போனால் சிட்டாவையும் அடங்கலையும்தானே கேட்கிறார்கள்?

பூர்வீகச் சொத்து என்று காட்டப் பழைய பதிவேட்டின் நகல் கேட்டு மனுக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. நான் எதிர்பார்த்தபடி தாத்தாவின் பெயர் இருந்தது. அது மட்டுமே இருந்தது.

தாத்தாவுக்கு ஒரு தம்பி உண்டு. இருவரும் சேர்ந்துதான் அந்தக் காட்டில் கிணறு வெட்டினார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சின்னத் தாத்தாவின் குடும்பம் பிழைப்புத் தேடி ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டது. அவருடைய பேரன்கள் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை அனுப்புவார்கள்.

நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வக்கீலிடம் இன்னும் காட்டவில்லை.