நரிக்கு என்ன நடந்தது?

நாலாம் தரத்தில் ஒரு கிரகித்தல் பாடம். சிங்கமும் எருதும் நண்பர்கள். நரி கோள் மூட்டுகிறது. சிங்கம் எருதைக் கொன்றுவிடுகிறது. பந்திக்குக் கீழே ஐந்து வினாக்கள், "எருதைக் கொன்றது யார்?" என்ற மாதிரி. அநேகமாக எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து. ஒரு மாணவி மட்டும் கையை உயர்த்தினாள்.

"சேர், அந்த நரிக்கி ஒண்டும் நடக்கல்லயா?"

"அது பந்தியில இல்ல மகள், இருங்க" என்றேன். புலமைப்பரிசில் வகுப்புக்குத் தயார்படுத்தும் அவசரம். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவள் கேட்டது ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கும் மேல் பழைய கேள்வி.

கதை பஞ்சதந்திரத்தில் உள்ளது. படிப்பு ஏறாத மூன்று அரச குமாரர்களுக்கு ஆறு மாதத்தில் அறிவு புகட்ட விஷ்ணுசர்மா சொன்ன கதைகள் என்று அந்நூல் தன்னை அறிமுகப்படுத்துகிறது. ஆக, மந்தமான மாணவர்களுக்கென்றே உண்டான நூல்! 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனூஷிர்வானின் மருத்துவர் புர்சோய் அதைப் பஹ்லவி மொழியில் ஆக்கினார். அந்தப் பிரதி இன்று இல்லை. 8ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து இப்னுல் முகஃப்பஃ அரபியில் எழுதியதுதான் 'கலீலா வ திம்னா'. (தமிழில் தாண்டவராய முதலியாரின் உரைநடைப் பஞ்சதந்திரம் 1826இல் வந்தது. அது மராத்தி வழியாக, வேறு பாதையில்.)

ஆசிரியர்கள் கதைகளுக்கு முன் இப்னுல் முகஃப்பஃவின் முன்னுரையைத்தான் வாசிக்க வேண்டும். மிருகங்கள் பேசுவது சிறுவர்களை இழுப்பதற்காக என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். பிறகு எப்படி வாசிப்பது என்று பாடம் நடத்துகிறார். கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே என்கிறார். உடைக்காத கொட்டையால் பயனில்லை என்கிறார். ஒருவன் நல்ல அரபி பேச ஆசைப்பட்டு, நண்பனிடம் ஒரு மஞ்சள் தாளில் எழுதி வாங்கி, பொருள் விளங்காமலே மனனம் செய்கிறான். சபையில் பிழையாகப் பேசுகிறான். திருத்தினால், "நான் எப்படிப் பிழை விடுவேன்? மஞ்சள் தாள் என் வீட்டில் இருக்கிறதே!" என்கிறான். நாம் அடுக்கடுக்காகப் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுக்கும் மாதிரி வினாத்தாள்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

இனி நரி. பஞ்சதந்திரத்தில் அது மந்திரியாகச் சுகமாக இருக்கிறது. அரபி நூலில் அப்படி விடவில்லை. அடுத்த அத்தியாயமே திம்னாவின் வழக்கு விசாரணை. சிங்கத்தின் தாய் விடாப்பிடியாக நிற்கிறாள், நரி வாய்ச்சாலகமாக வாதாடுகிறது, சாட்சிகள் வருகின்றன, கடைசியில் தண்டனை. சமஸ்கிருத மூலத்தில் இந்த அத்தியாயம் இல்லை. இப்னுல் முகஃப்பஃவே சேர்த்தார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவரும் எங்கள் நாலாம் தரப் பிள்ளையைப் போலத்தான் அந்தக் கதையை வாசித்திருக்கிறார்.

அடுத்த கிழமை வகுப்பில் அந்த வழக்கை முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் திரும்பவும் கையை உயர்த்தினாள்.

"அப்ப சிங்கத்துக்கு என்ன தண்டன சேர்? கொண்டது அதுதானே?"

சிங்கம் வருந்தியதாக மட்டும்தான் நூலில் இருக்கிறது. அன்று மீதிப் பாடவேளை முழுவதும் அதைத்தான் பேசினோம். அப்பியாசக் கொப்பிகள் திருத்தாமலே கிடந்தன.