வாணத்தின் விலை

“80 விழுக்காடு தள்ளுபடி!” என்று முழங்குகின்றன விளம்பரங்கள். 100 ரூபாய்ப் பண்டத்தை 20 ரூபாய்க்குத் தூக்கிக் கொடுக்கும் வள்ளல்கள் வணிக உலகிலே தோன்றிவிட்டனரா? முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதை கேட்டு வளர்ந்த நாடு இது. ஆனால் பாரி, தேரின் விலையை ஐந்து மடங்கு ஏற்றி எழுதி வைத்துவிட்டு, பிறகு முல்லைக்குத் தள்ளுபடி தரவில்லை!

வாணக் கடையிலே நடப்பதோ அதுதான். பெட்டியின் மீது 500 என்று அச்சிட்டு 80 விழுக்காடு கழித்தால் 100 ரூபாய். அடுத்த கடைக்காரர் 200 என்று அச்சிட்டுப் பாதியைக் கழித்தால் அதுவும் 100 ரூபாய்தான். முதற் கடையில் வாங்கியவர் 400 மிச்சம் என்று பூரிக்கிறார். இரண்டாம் கடையில் வாங்கியவர் 100தானே மிச்சம் என்று புழுங்குகிறார். இருவர் மடியிலிருந்தும் போனது ஒரே தொகை. கொடுத்த காசு எவ்வளவு, பெற்ற பண்டம் என்ன என்று பார்ப்பதை விட்டு, எழுதியும் கொடுக்கப்படாத ஒரு விலையை வைத்து இலாபக் கணக்குப் போடுகிறோமே, ஏன்? கத்தரிக்காய்க் கடையில் காலணாவுக்கு வாதாடுகிறவரும் வாணக் கடையில் வாய் மூடி நிற்கிறாரே, ஏன்?

“பண்டிகை! காலங்காலமாக வருவது! இதிலே கணக்குப் பார்க்கலாமா?” என்பர். நல்லது. கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அந்தக் காலங்காலத்தைப் பார்ப்போம்.

நரகாசுரன் கதையின் நாற்றத்தைப் பெரியார் பல்லாண்டு பேசியும் எழுதியும் எடுத்துக்காட்டியதை நம் தோழர்கள் அறிவர். அதை மீண்டும் விரிக்கத் தேவையில்லை. நாம் கேட்பது ஒன்றே. அந்த யுகத்திலே வெடிமருந்து ஏது? வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றையும் கலந்தால் பற்றி எரியும் என்று கண்டவர் சீனர். காலம், ஒன்பதாம் நூற்றாண்டையொட்டி. கலவை முறை அவர்கள் நூலில் எழுத்தேறியது 1044-ல். சில நூற்றாண்டுகள் கழித்தே அது இந்நாட்டை எட்டிற்று. சங்கப் பாடல்களிலே கார்த்திகை விளக்கின் வரிசை உண்டு, வெடி இல்லை. 1443-ல் ஹீரத் அரசர் ஷா ரூக்கின் தூதராக விசயநகரம் வந்த அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் வாணவேடிக்கை கண்டதை எழுதி வைத்தார். பி. கே. கோடே என்னும் ஆய்வாளர் இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றைத் தொகுத்து 1953-ல் வெளியிட்டபோது, அதைக் கி.பி. 1400-லிருந்துதான் தொடங்கினார். புராணம் பேசும் பல்லாயிரம் ஆண்டு எங்கே, ஏடு பேசும் அறுநூறு ஆண்டு எங்கே!

அந்த அறுநூறு ஆண்டிலும் பெரும்பகுதி, வாணம் மன்னரின் பொருள். கொளுத்துவது அரண்மனை, அண்ணாந்து பார்ப்பது குடிமகன், பணம் கொடுத்ததும் அதே குடிமகன், வரியாக! அரசனுக்கு அது செலவன்று, விளம்பரம். எதிரியின் தூதன் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும். அந்த வகையில் அவன் போட்ட காசுக்குப் பலன் கிடைத்தது என்றே சொல்லலாம். முடியரசு மறைந்தபின் அந்த மிடுக்கு கோயில்களுக்குக் குடியேறிற்று. கொல்லம் மாவட்டம் பரவூரில் 2016 ஏப்ரல் 10 விடியுமுன் கோயில் வாணவேடிக்கையில் தீப்பற்றி, 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஏழையின் வாசலுக்கு வாணம் வந்தது மிகப் பிற்காலத்தில். அதுவும் சிவகாசி வழியாக. இந்த ஊரின் வரலாறு நம் இயக்கத் தோழர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. வானம் பார்த்த கரிசல் பூமி. நாடார் சமூகத்தார் கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று சாதி ஆணவம் தடுத்து நின்ற ஊர். அந்தப் பூசல் முற்றி, 1899 சூன் மாதத்தில் பெருங்கூட்டம் திரண்டு ஊரைச் சூறையாடிற்று. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அருகே கமுதிக் கோயில் நுழைவு வழக்கோ இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-ல் அங்கும் நுழைந்தவர்களுக்கு எதிராகவே முடிந்தது. கோயில் கதவு மூடிய நாட்டில் பள்ளிக் கதவையும் தொழிற்கதவையும் அம்மக்கள் தாமே திறந்துகொண்டனர். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஊ. பு. அ. சவுந்தரபாண்டியனார் அந்தச் சமூகத்தில் தோன்றியவரே. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டியைத் தொடர்ந்து மத்தாப்பு; மத்தாப்பைத் தொடர்ந்து வெடி. 1940-ல் வெடிமருந்து விதிகள் வந்து உரிமம் பெற்ற ஆலைகள் எழுந்தன. உலகப் போர் வெளிநாட்டு வெடியின் வரவை அடைத்தது. சிவகாசி சந்தையைப் பிடித்தது. எவரைக் கோயில் வாசலில் நிறுத்தினார்களோ, அவர்கள் செய்த மத்தாப்பின்றிப் பண்டிகை இல்லை என்றாயிற்று! இதைக் கண்டு நாம் மகிழலாம், மகிழ்கிறோம்.

ஆனால் மகிழ்ச்சி அங்கேயே நின்றுவிட முடியாது. வெடி மலிவாயிற்றே, எதனால்? எந்திரத்தால் அன்று, விரலால். திரி கிள்ளும் விரல், சரம் பின்னும் விரல், தாள் சுருட்டும் விரல். மழை பொய்த்த சிற்றூர்களில் வேறு வேலையற்ற பெண்களின் விரல். நெடுங்காலம் பிள்ளைகளின் விரலுங்கூட. நாளெல்லாம் குனிந்து செய்த உருப்படிக்கு எண்ணிக்கைக் கூலி. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 திசம்பர் 10-ல், ஆபத்தான தொழிலில் பிள்ளையை அமர்த்தும் முதலாளி பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. ஆலைகளில் பிள்ளைகள் குறைந்தனர். விபத்து குறைந்ததா? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின்னும் “மருந்து உராய்வு” என்ற இரண்டு சொல்லோடு நாளேட்டின் ஒரு மூலையில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில், வேலை வாங்குவது வேறொருவர் என்ற உள்குத்தகை. அளவுக்கு மீறி ஆள், அளவுக்கு மீறி மருந்து. இவ்வளவும் சேர்ந்துதான் அந்த 20 ரூபாய்.

இனிக் கணக்கைக் கையில் எடுப்போம். வாங்காமலே இருப்பவர் அறிவாளர். அவருக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை அழுகிறது, வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிற தோழர் காசுக்கு எதைப் பெறுகிறார் என்றேனும் பார்க்கட்டும். பெட்டியின் பருமன் அட்டையின் பருமன்; மருந்தின் அளவன்று. புஸ்வாணத்தின் கனத்தில் அடியில் அடைத்த களிமண்ணுக்கும் பங்குண்டு. கம்பி மத்தாப்பிலே கம்பியின் நீளத்தைப் பாராமல், மருந்து பூசிய நீளத்தையும், எத்தனை கம்பி என்பதையும் பார்த்து ஒப்பிட வேண்டும். வெடியின் ஓசையோ, மருந்தின் மிகுதியால் மட்டும் வருவதன்று. சணல் இறுக்கிச் சுற்றிய கட்டினால் வருவது. ஒரே மாதிரி இரண்டு வெடி ஒருங்கே வெடித்தால் ஓசை 3 டெசிபல் ஏறும்; காது அதை இருமடங்காக உணராது. காசு மட்டும் சரியாக இருமடங்கு! 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று 1999-லேயே வரம்பு விதிக்கப்பட்டது. ஆகவே “காது கிழியும்” என்று கடைக்காரர் புகழ்ந்தால், அது சட்டத்தை மீறிய சரக்கு என்று அவரே சாட்சி சொல்வதாகக் கொள்ளலாம். பெட்டியின் மேல் வேதிப்பொருள் விவரம் அச்சிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் கட்டளையிட்டது. அதுவும், செய்தவர் பெயரும் ஊரும் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாயினும் கையில் எடுக்கத் தக்கதன்று. எங்கோ ஒரு குடிசைக்குள் உரிமமின்றி உருட்டியதாக இருக்கும்.

போகிற போக்கில் ஒன்று. இலட்சுமி படம் அச்சிட்ட தாளை மிதித்தால் பாவம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்பவர், அதே இலட்சுமியை வெடியில் சுற்றித் திரி கொளுத்தித் தெருவெல்லாம் சிதறடித்து, மறுநாள் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறாரே, அந்தப் பக்தியை என்னென்பது!

பக்தரை மட்டும் நகைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது. மேடையிலே நரகாசுரன் கதையைக் கிழித்தெறிவோர் சிலர், தலைவர் ஊருக்குள் நுழைந்ததும் பத்தாயிரம் வாலாவை நீட்டிப் படுக்க வைக்கின்றனர். எண்ணிப் பார்த்தவர் யார், அதில் பத்தாயிரம் இருந்ததென்று? சரவெடியைச் செய்வதையும் விற்பதையும் கொளுத்துவதையும் 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பேரியம் உப்பையும் தடுத்தது. விழாக் குழுவினர் அந்தத் தொகைக்கு ஊர்ப் படிப்பகத்தில் எத்தனை நூல் வரும் என்று ஒருமுறை விலைப்பட்டியல் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, பட்டாசுச் சீட்டு. மாதம் 200 ரூபாய், 12 மாதம், 2,400 ரூபாய். இதை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மாதந்தோறும் போட்டு, ஆண்டு வட்டி 6 விழுக்காடு என்றாலும், 78 ரூபாய் சேரும். அந்த 78 சீட்டுக்காரருக்கு. சிறு தொகைதான். ஆனால் 2,400-க்கு எந்த ரகம், எத்தனை என்று தீர்மானிப்பவரும் அவரே. பெட்டியின் மேல் விலை எழுதுபவரும் அவரே. ஐப்பசியில் கடை பூட்டிக் கிடந்தால், மாதந்தோறும் அட்டையில் அவர் கிறுக்கிய 12 கையெழுத்தை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது?