ஓகே பட்டனும் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமியும்

2019 மார்ச் மாதம் ஜப்பானில் நடந்த ஒரு விடயம். 13 வயது மாணவி ஒருத்தி இணையத்தில் ஒரு லிங்கைப் பகிர்ந்திருந்தாள். அதைத் திறந்தால் ஒரு சிறு பெட்டி தோன்றும். ஓகே அழுத்தினால் அதே பெட்டி மறுபடியும் வரும், எத்தனை முறை அழுத்தினாலும் வரும். அவ்வளவுதான். வைரஸ் இல்லை, திருட்டும் இல்லை. ஆனால் ஹியோகோ மாகாணப் பொலிஸார் அவளை விசாரித்தார்கள். அதே லிங்கைப் பகிர்ந்த இரண்டு ஆண்களின் வழக்கு வழக்குத் தொடுநர் வரை போனது.

ஒரு பெட்டிக்காகப் பிள்ளையை விசாரிக்கும் நிலை எப்படி வந்தது? அதற்கு 1995க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஒரு நிரல்மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அதுதான் பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. 1996 மார்ச்சில் வெளியான நெவிகேட்டர் 2.0இலேயே அலர்ட், கன்ஃபர்ம், ப்ரொம்ப்ட் என்ற மூன்று கட்டளைகளும் இருந்தன. ஒன்று செய்தி சொல்லும், ஒன்று ஆம் இல்லை கேட்கும், மற்றது விடையை எழுதச் சொல்லும். மூன்றுக்கும் பொதுவான குணம், பெட்டி தோன்றியதும் நிரல் அதே வரியில் நின்றுவிடும். நீங்கள் பதில் சொல்லும் வரை அந்த ஜன்னலில் வேறெதுவும் செய்ய முடியாது. அன்று அது பிழையும் அல்ல. ஒரு ஜன்னலில் ஒரு பக்கம் மட்டுமே இருந்த காலம் அது.

பிறகு டெப்கள் வந்தன. 2004 நவம்பரில் ஃபயர்ஃபொக்ஸ் 1.0 அவற்றைப் பரவலாக்கியது, 2006இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7உம் சேர்ந்துகொண்டது. இப்போது ஒரே ஜன்னலுக்குள் பத்துப் பக்கங்கள். ஆனால் பெட்டியோ பழைய பழக்கப்படி முழு ஜன்னலையும் பூட்டியது. நீங்கள் ஒரு டெப்பில் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள், பின்னால் எங்கோ கிடக்கும் இன்னொரு பக்கம் குறுக்கே பாய்ந்து கையைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஒரு அறைக்குப் பூட்டுப் போட்டால் வாசற்கதவும் சேர்ந்து பூட்டிக்கொள்வது போல. அந்தப் பெட்டி முடிவில்லாத சுற்றில் வந்தால் உலாவியையே பலவந்தமாக நிறுத்த வேண்டியதுதான்.

2011 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபொக்ஸ் 4 பெட்டியை அதன் சொந்த டெப்புக்குள் அடைத்தது. மற்ற டெப்களுக்குத் தாராளமாகப் போகலாம். தொடர்ந்து வரும் பெட்டிகளைத் தடுக்க ஒரு தெரிவும் கிடைத்தது.

எல்லோரும் உடனே திருந்தவில்லை. ஐபோனின் சஃபாரியில் இந்த ஓட்டை 2017 வரை இருந்தது. மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்தி, போன் பூட்டப்பட்டுவிட்டது, அபராதம் கட்டு என்று மிரட்டினார்கள். ஐடியூன்ஸ் பரிசு அட்டையாகப் பணம் கேட்டார்கள். உண்மையில் உலாவியின் வரலாற்றை அழித்தாலே போதும், பயந்தவனுக்கு அது எங்கே தெரியும்! அந்த மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 10.3 பெட்டிகளை டெப்புக்குள் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு குரோமும் விதியை மாற்றியது. பின்னால் இருக்கும் டெப் இனி முன்னுக்கு வந்து நிற்க முடியாது, பயனர் வேறு டெப்புக்குப் போனால் பெட்டி தானாகவே மூடிக்கொள்ளும்.

ஆக 2019இல் பல உலாவிகளில் அந்த டெப்பை மூடினாலே வேலை முடிந்தது. ஜப்பானிய நிரலாளர்கள் கொதித்தெழுந்ததும் அதனால்தான். கேலிக்கு, அதே நிரலை எழுதி நாமும் கைதாவோம் என்று கிட்ஹப்பில் ஒரு பக்கமே திறந்தார்கள். மே மாதத்தில் அந்த ஆண்கள் இருவர் மீதும் வழக்குத் தொடராமல் விட்டார்கள்.

பெட்டியின் கதை இன்னும் முடியவில்லை. 2021 ஜூலையில் குரோம் 92, ஒரு தளத்துக்குள் பதிக்கப்பட்ட வேறு தளத்தின் பக்கம் பெட்டி காட்டுவதைத் தடுத்தது. அது யாருடைய செய்தி என்று பயனர் ஏமாறலாம் என்பது காரணம், நியாயமான காரணமும்கூட. ஆனால் கோட்பென் போன்ற பயிற்சித் தளங்களில் மாணவர்களின் பயிற்சிகள் திடீரென வேலை செய்யவில்லை. நிரலாக்கம் தொடங்கும் பிள்ளை முதலில் எழுதிப் பார்ப்பதே இந்த அலர்ட்டைத்தான். தன் பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் நாலு வரி ஓடியதும் பிள்ளையின் முகம் மலர்வதை, கற்பித்தவர்கள் அறிவோம். ஆசிரியர்களும் உருவாக்குநர்களும் எதிர்த்தார்கள். சில வாரங்களில் குரோம் பின்வாங்கி, தடையை 2022 ஜனவரிக்குப் பிறகு என்று தள்ளிவைத்தது.