நெசவாலையும் சர்வகலாசாலையும்

வயிற்றுப்பாட்டிற்கு ஒரு வேலை; அறிவுப் பசிக்கு ஒரு படிப்பு; மனிதராய் வாழ்வதற்கு உற்றாரும் நண்பரும். இம்மூன்றும் ஒருவனுடைய ஒரே நாளைப் பங்கு கேட்டு நிற்குமாயின், அவன் எதற்கு எவ்வளவு கொடுப்பான்? 'மனமிருந்தால் மார்க்கமுண்டு, தூக்கத்தைக் குறைத்துக்கொள், சிநேகிதரை விலக்கு, கலியாணம் கருமாதி என்று அலையாதே' என்பது நம்மவர் சாதாரணமாய்ச் சொல்லும் விடை. இவ்வுபதேசத்தைச் செய்வோரிற் பெரும்பாலார் விடியற்காலைப் பிரட்டில் ஒரு நாளேனும் நின்றறியாதவர் என்பதை நேயர்களும் கவனித்திருக்கலாம். அவ்விடை எவ்வளவு தூரம் உண்மை என்பதை, வேலையும் படிப்பும் ஒருங்கே செய்து காட்டிய சிலருடைய சரித்திரத்தைக் கொண்டு பார்ப்போம்.

ஆங்கிலப் பாடசாலையில் படித்த நமக்கு எட்டாம் ஹென்றியின் மனைவியர் அறுவர் பெயரும் மனப்பாடம். ராச்டேல் என்ற ஊரின் பெயரை எந்த உபாத்தியாயரும் நமக்குச் சொன்னதில்லை. அவ்வூர் இங்கிலாந்தின் வடபகுதியில், மான்செஸ்டர் நகருக்கு அருகே இருப்பது; அந்நாளில் லங்காஷயரைச் சேர்ந்திருந்தது. நூற்பாலைகளாலும் நெசவாலைகளாலும் பிழைத்த ஊர். அங்கே 1844-ம் ஆண்டு டிசம்பர் 21-ம் தேதி, ஏழைத் தொழிலாளர் 28 பேர் கூடிச் சேர்த்த 28 பவுன் முதலைக் கொண்டு, டோட் லேன் என்னும் தெருவில் ஒரு சிறு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி இவையே சரக்கு. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் கூட்டுறவு இயக்கத்திற்கு அக்கடையே வழிகாட்டி. மலாயாவில் 1922-ல் கூட்டுறவுச் சட்டம் பிறந்து, பின்னர்த் தோட்டத் தொழிலாளரிடையே சிக்கனச் சங்கங்கள் தோன்றியதும், 1960-ல் திரு. சம்பந்தன் அவர்கள் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததும் அவ்வழியின் தொடர்ச்சியேயாம்.

ஆனால் ராச்டேல் தொழிலாளர் செய்த இன்னொரு காரியத்தை நம்மவர் அவ்வளவாய் அறியார். அவர்கள் கடைக்கு மேல்மாடியில் ஒரு வாசகசாலை வைத்தார்கள். 1853-ல், இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பாகத்தைக் கல்விக்கென்றே ஒதுக்கிவிட வேண்டுமென்று விதியும் செய்துகொண்டார்கள். அரிசி பருப்பு மலிவாய்க் கிடைத்தால் போதும் என்று நினைக்கும் கூட்டமாயிருந்தால், அந்த இரண்டரையையும் பங்கிட்டுத் தின்றிருக்கும்.

பணம் ஒருபுறமிருக்க, படிப்புக்கு முதற்பொருள் நேரம். அந்த நேரம் ராச்டேல் நெசவாளிக்கு எங்கிருந்து வந்தது? தூக்கத்தைக் குறைத்ததனால் மட்டும் வந்ததன்று, சட்டத்தினால் வந்தது. 1847-ல் பத்து மணி நேரச் சட்டம் பிறந்தது. 1850-ல் நெசவாலைகள் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை நிறுத்த வேண்டுமென்று ஏற்பட்டது. 1874-ல் வாரம் ஐம்பத்தாறரை மணி என்றாயிற்று. 1901-ல் சனிக்கிழமை வேலை நண்பகலோடு நின்று, வாரம் ஐம்பத்தைந்தரை மணியாகக் குறைந்தது. இச்சட்டங்கள் பெண்களையும் இளையோரையும் காக்கவென்றே எழுதப்பட்டவை. எனினும் அவர்களின்றி ஆலை ஓடாதாகையால், ஆண்களும் அவர்களோடு வெளியே வந்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு உதைபந்தாட்டம் பார்க்கும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியதும் இந்த ஓய்வினாலேயே. பந்தாட்டத்துக்கென்று பலர் ஓடிய அதே பிற்பகலில்தான் ராச்டேலில் ஒரு கூட்டம் படிக்க உட்கார்ந்தது.

அவர்களை உட்காரவைத்தவர் ஒரு கிராணி என்பதை நாம் சற்றுப் பெருமையோடே எழுதுகிறோம். ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் தச்சர் ஒருவரின் மகன், 1876-ல் பிறந்தவர். பதினான்காம் வயதில் பள்ளியை விட்டவர். கூட்டுறவு மொத்த வியாபாரச் சங்கத்தில் குமாஸ்தாவாயிருந்தவர். சர்வகலாசாலைகள் நடத்திய வெளிப் பிரசங்கங்களை வேலை முடிந்த நேரங்களிற் கேட்டு அறிவை வளர்த்துக்கொண்ட அவர், ஒரு குறையைக் கண்டார். பிரசங்கம் கேட்பவன் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான், மறுநாள் மறந்துவிடுகிறான். கேள்வி கேட்கவும், எழுதவும், எழுதியதைத் திருத்தி வாங்கவும் வழியில்லாத படிப்பு முழுப் படிப்பாகாது என்பது அவர் கருத்து. 1903-ல் அவரும் அவர் மனைவியார் பிரான்சஸும் ஒரு சங்கம் கண்டார்கள். வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து அவ்வம்மையார் எடுத்துக்கொடுத்த இரண்டரை ஷில்லிங்கே அதன் முதல் மூலதனம். 1905-ல் அது 'தொழிலாளர் கல்விச் சங்கம்' என்று பெயர் மாறியது. மான்ஸ்பிரிட்ஜும் அவ்வாண்டே உத்தியோகத்தை விட்டுச் சங்கத்தின் முழுநேரக் காரியதரிசியானார்.

ராச்டேல் கிளையினர் அவரிடம் வந்து, எமக்குச் சர்வகலாசாலைத் தரத்தில் கல்வி வேண்டும் என்றனர். முப்பது பேர் தவறாது வருவதாகவும், ஒழுங்காய் வியாசம் எழுதித் தருவதாகவும் வாக்களித்தால், நாட்டிலேயே சிறந்த ஆசிரியரைக் கொண்டுவருகிறேன் என்றார் அவர். வாக்களித்தனர். 1907 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டில் நடந்த மகாநாட்டில், போர்ட்ஸ்மத் துறைமுகத்துக் கப்பல் தச்சரான மக்டாவிஷ் என்பவர் எழுந்து, தொழிலாளர் இங்கே பிச்சை கேட்க வரவில்லை, உரிமையைக் கேட்கவே வந்திருக்கிறோம் என்னும் கருத்துப்பட முழங்கினார். ஆக்ஸ்போர்டும் இணங்கியது.

1908 ஜனவரியில் வந்து சேர்ந்த ஆசிரியர் ஆர். எச். டானி. இவர் 1880-ல் கல்கத்தாவிற் பிறந்தவர். இவருடைய தந்தையார் அங்கே பிரஸிடென்ஸி கல்லூரித் தலைவராயிருந்து, 'கதாசரித்சாகரம்' என்னும் வடமொழிக் கதைத் தொகுதியை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். மகனார் அப்போது கிளாஸ்கோ சர்வகலாசாலையில் உதவி உபாத்தியாயர். வாரந்தோறும் அங்கிருந்து ரயிலேறி, வெள்ளிக்கிழமை மாலை ஸ்டாஃபர்ட்ஷயரில் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன லாங்டனிலும், சனிக்கிழமை பிற்பகல் ராச்டேலிலும் வகுப்பு நடத்தினார்.

வகுப்பின் முறையை விரித்துச் சொல்வது அவசியம். ஓராண்டில் 24 கூட்டங்கள். கூட்டம் ஒன்று இரண்டு மணி நேரம். முதல் மணி ஆசிரியர் பேசுவார்; இரண்டாம் மணி மாணவர் கேட்பர், மறுப்பர், வாதிப்பர். இரு வாரத்துக்கு ஒரு வியாசம். இவ்வாறு மூன்று ஆண்டு. பாடம் பொருளாதார சரித்திரம். படிக்க வேண்டிய புத்தகங்கள் பெட்டிகளில் வந்து வகுப்புக்குள் கைமாறின. முடிவில் பட்டமில்லை, பரீட்சையில்லை, சம்பள உயர்வுமில்லை. என்ன பாடம் வேண்டும் என்பதில் மாணவர் சொல்லுக்கும் இடமிருந்தது. பல மாணவர், பன்னிரண்டு வயதிலேயே அரைநாள் பள்ளியும் அரைநாள் ஆலையுமாகக் கழித்த பிள்ளைகள் வளர்ந்த உருவங்கள். அரைநாள் முறையை ஒழிக்கும் சட்டம் 1918-ல்தான் வந்தது.

இனி, நண்பரும் சுற்றமும் என்ன ஆயினர்? இங்கேதான் நம்முடைய உபதேசிகளின் விடை பொய்க்கிறது. ராச்டேலிலும் லாங்டனிலும் எவரும் சிநேகிதரை விலக்கிவிட்டுப் படிக்கவில்லை, சிநேகிதரோடு படித்தார்கள். வகுப்பின் நேரம் முடிந்தாலும் விவாதம் முடியாது. மாணவர் ஒருவரின் வீட்டில் தேநீரோடு தொடரும், தெருவில் தொடரும், ஆசிரியரை வழியனுப்பப் போகும் ரயில் நிலையம்வரை தொடரும். பக்கத்துத் தறியில் நிற்பவனே பக்கத்து நாற்காலியிலும் இருப்பானாயின், வியாசம் எழுதாமல் வருவதற்கு வெட்கமாயிருக்கும். எழுத முடியாத வாரம் கேட்டறிய ஓர் ஆளும் இருக்கும். 1910 முதல் கோடையில் ஆக்ஸ்போர்டில் வகுப்புக்கள் கூடின. வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் கூலியின்றிக் கிடைத்த விடுமுறையைக் கடற்கரையிற் கழிக்காமல் அங்கே போய்க் கழித்தவரும் உண்டு. அதையும் ஒருவகை உல்லாசமென்றே நாம் எண்ணுகிறோம்.

தனியறையில் கதவைத் தாழிட்டுப் படிப்பவன் கெட்டிக்காரனாகலாம். லயத்து வீட்டில் தாழிட ஓர் அறை ஏது? அவர்களுக்கும் இருக்கவில்லை. சமையற்கட்டு மேசையில், பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதினவர் பலர். மிகை நேர வேலை வந்தால் வகுப்பு போயிற்று. வேலையே போனால் மனமும் போயிற்று. சேர்ந்தவர் எல்லாரும் மூன்றாண்டு நிலைத்தார் என்றும் சொல்வதற்கில்லை.

பெண்களுக்கோ பாடு இன்னும் அதிகம். ஹெப்டன் பிரிட்ஜ் என்னும் யார்க்ஷயர் ஊரில் ஆடை தைக்கும் தொழிலாளியாயிருந்த லவீனா சால்டன்ஸ்டால் என்னும் பெண்மணி, வாக்குரிமைப் போரிற் சிறை சென்றவர். இத்தகைய வகுப்பிற் சேர்ந்தவர். 1911-ல் சங்கத்தின் பத்திரிகையில், தம் ஊரில் பெண்ணென்றால் தைக்கவும் பின்னவும் கலியாணத்துக்குக் காத்திருக்கவுமே பிறந்தவள் என்று கருதுகிறார்கள் என்றும், இலக்கியமும் சரித்திரமும் பேசுபவளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்றும் எழுதினார். ஆணுக்கு வேலைக்குப் பின் படிப்பு. பெண்ணுக்கு வேலைக்குப் பின் வீட்டு வேலை, அதற்குப் பின்னரே படிப்பு. அதோடு ஊர்வாயையும் தாங்கவேண்டும். நம் தோட்டத்துப் பெண்ணொருத்தி இதைப் படித்தால், யார்க்ஷயர் எங்கேயோ இருக்கிறது என்று நினையாள்.

இவ்வகுப்புகளைத் தொழிலாளரிலேயே சிலர் வெறுத்தனர் என்பதையும் மறைக்கலாகாது. ஆக்ஸ்போர்டு தரும் கல்வி தொழிலாளியைப் பழக்கிய யானையாக்கிவிடும், முதலாளியின் சாஸ்திரத்தையே அவன் வாயில் வைத்துவிடும் என்பது அவர்கள் அச்சம். 1909-ல் அதே நகரிலிருந்த ரஸ்கின் கல்லூரித் தொழிலாள மாணவர், தம் தலைவர் டென்னிஸ் ஹர்ட் நீக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து, பிரிந்து தனியே ஒரு கல்லூரி கண்டார்கள். அவ்வச்சம் வீணென்று நாம் சொல்லமாட்டோம். யார் சோறு போடுகிறாரோ அவர் பாட்டையே பாடச் சொல்வார் என்பது நமக்கும் தெரிந்ததே. ஆயினும் ஆசிரியர் சொன்னதை மறுப்பதற்கென்றே பாதி நேரம் ஒதுக்கிய வகுப்பில், பழக்குவது சுலபமன்று.

வியாசங்களின் தரம் யாதென்று ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரி ஆசிரியரான ஏ. எல். ஸ்மித் சோதித்துப் பார்த்தார். தாம் பார்த்தவற்றில் நூற்றுக்கு 25, ஆக்ஸ்போர்டில் சரித்திரத்தில் முதல் வகுப்பிற் தேறும் மாணவர் எழுத்துக்கு ஈடானவை என்றார். வேறு தொழிலின்றிப் படிப்பையே தொழிலாகக் கொண்டவரோடு, வாரம் ஐம்பத்தைந்தரை மணி தறியில் நின்றவரை வைத்துப் பார்த்த கணக்கு இது. 1914-க்குள் இத்தகைய வகுப்புகள் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டன. டானியோ 1912-ல், பதினாறாம் நூற்றாண்டின் நிலப் பிரச்சினையைப் பற்றித் தம் பெரிய நூலை வெளியிட்டபோது, நெசவாளரும் குயவரும் சுரங்கத் தொழிலாளரும் யந்திரத் தொழிலாளரும் தம்மை அன்போடு அடித்துத் திருத்தியதால், புத்தகத்திற் கிடைக்காத பலவற்றைக் கற்றதாக முன்னுரையில் நன்றி செலுத்தினார். நூலை மான்ஸ்பிரிட்ஜுக்கும், பின்னாளில் கான்டர்பரித் தலைமைக் குருவான வில்லியம் டெம்பிளுக்கும் காணிக்கையாக்கினார்.

லாங்டன் மாணவர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். சுற்றிலுமிருந்த சுரங்கக் கிராமங்களில் வகுப்பென்பதே இல்லை. அங்கிருந்து பட்டணத்துக்கு வந்து படிக்கச் சுரங்கத் தொழிலாளிக்கு நேரமும் இல்லை. ஆகவே 1911 முதல் லாங்டன் மாணவரே தம் வேலை நேரம் போக, ஊதியமின்றி அக்கிராமங்களுக்குச் சென்று கற்பித்தார்கள். வகுப்பின் காரியதரிசி கார்ட்ரைட் அம்முயற்சிக்கு முதுகெலும்பாயிருந்தார். அந்த ஸ்டாஃபர்ட்ஷயரில், கீல் என்னும் இடத்தில், 1949-ல் ஒரு சர்வகலாசாலைக் கல்லூரி நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவரான லிண்ட்சே பிரபு, அவ்வட்டாரத் தொழிலாளர் கல்வியோடு நெடுநாள் தொடர்புடையவர். 1962-ல் அது முழுச் சர்வகலாசாலையாயிற்று. லாங்டனிலிருந்து அவ்விடம் பத்து மைலுக்கு உட்பட்ட தூரமே.