பைன் ரம்ப ஈ

பெயரில் ஈ இருந்தாலும் இது ஈ அல்ல. தேனீ, குளவி, எறும்பு அடங்கிய வரிசையைச் சேர்ந்த பூச்சி. குளவியின் ஒடுங்கிய இடுப்பு இதற்கு இல்லை, கொடுக்கும் இல்லை. பெண் பூச்சி தன் வயிற்று நுனியிலுள்ள ரம்பம் போன்ற உறுப்பால் ஊசியிலையைக் கீறி முட்டையிடும். இது சேர்ந்த டிப்ரியோனிடே குடும்பத்துப் புழுக்களுக்கு ஊசியிலை மரங்களே உணவு.

பார்வைக்கு இந்தப் புழு வண்ணத்துப்பூச்சியின் புழு போலவே இருக்கும். வயிற்றுக் கால்களை எண்ணினால் குட்டு வெளிப்படும்: அதற்கு அதிகம் போனால் 5 ஜோடி, இதற்கு 8.

ஐரோப்பிய பைன் ரம்ப ஈயின் புழுக்கள் கூட்டமாக மேயும். இலையிலுள்ள பிசினைச் செரிக்காமல் முன்குடலை ஒட்டிய பைகளில் சேர்த்துவைத்து, எறும்போ சிலந்தியோ நெருங்கினால் ஒட்டும் துளியாகக் கக்கும். மரத்தின் ஆயுதத்தையே திருடிக்கொண்ட சாமர்த்தியம்! பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளின் இலைகளையே தின்பதால் மரம் பொதுவாகப் பிழைத்துவிடும்.

உறவினமான ஐரோப்பிய ஸ்புரூஸ் ரம்ப ஈ அவ்வளவு தயவு காட்டவில்லை. கனடாவின் காஸ்பே தீபகற்பத்தில் அதன் அட்டகாசம் 1930-இல் தெரியவந்தது. அடக்குவதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒட்டுண்ணிப் பூச்சிகளை வரவழைத்தார்கள். யாரும் அழைக்காத வைரஸ் ஒன்றும் அவற்றோடு வந்திறங்கியதாகக் கருதப்படுகிறது. 1940-களின் தொடக்கத்துக்குள் புழுக்கூட்டம் சரிந்தது. அதில் பெரும்பங்கு அந்த வைரஸுக்கே.